குவேக்கர் நண்பர்களே, அந்த ஒலிப்பதிவுகளை மறுபடியும் ஒலிக்கச் செய்யுங்கள்

பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் என்ற குவேக்கர் கிறித்தவ சபை அமைப்பைச் சேர்ந்த நண்பர்களுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் குடியேறி வாழும் தமிழன் நான். இதே மாநிலத்தில் பிறந்த உங்கள் சபைப் பெண்மணி ரேச்சல் டேவிஸ் டுபாய்ஸைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

1920களில் உட்பரி உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்தபோதே, ஒவ்வோர் இனத்தாரின் பங்களிப்பையும் மாணவர் கூட்டங்களில் எடுத்துச் சொன்னவர் அவர். எதிர்ப்பு கிளம்பி, பதவி விலகச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். பிறகு அதே வேலையை நாடு முழுவதும் கேட்கும்படி வானொலிக்குக் கொண்டுபோனார். ‘அனைவரும் அமெரிக்கர், அனைவரும் குடியேறியோர்’ என்ற அந்தத் தொடர் 1938 நவம்பரில் சிபிஎஸ் வானொலியில் தொடங்கி, ஞாயிறுதோறும் அரை மணி நேரமாக 26 வாரங்கள் ஒலித்தது.

அது எப்படிப்பட்ட நவம்பர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியில் யூதர்களின் வழிபாட்டுக் கூடங்கள் எரிந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கொடுமைக்கு நியாயம் கற்பித்து, அமெரிக்க வானொலிப் பேச்சாளரான கத்தோலிக்கப் பாதிரியார் காக்லின் பேசியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வானொலியில்தான். வெறுப்பு எந்தக் கருவியைக் கைப்பற்றியிருந்ததோ, அதே கருவியில் நின்று பதில் சொன்னார் ரேச்சல்.

எல்லா இனத்தாரையும் ஒரே கதையில் கலந்து சொல்ல விரும்பினார் தொடரின் எழுத்தாளர் கில்பர்ட் செல்டெஸ். ஒவ்வொருவருக்கும் தனி நிகழ்ச்சி வேண்டும் என்று ரேச்சல் வாதாடினார். அவர் பக்கமே நியாயம் என்பேன். கறுப்பினத்தார் பற்றிய எழுத்துப்படியை டபிள்யூ. இ. பி. டுபாய்ஸும் அலைன் லாக்கும் படித்துத் திருத்தம் கேட்டார்கள். தங்களைப் பற்றிய பேச்சில் அந்த மக்களின் அறிஞர்களே குறுக்கிட முடிந்தது. 1938இல் அது சிறிய காரியம் அல்ல.

குறையும் உண்டு. விலங்கிட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களை, விரும்பி வந்தவர்களோடு ஒரே தலைப்பில் அடக்கியது தவறு. எங்களைப் போன்ற இந்தியர்களுக்கோ தனி நிகழ்ச்சியே இல்லை. இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்ற 1923 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நாங்கள் குடியுரிமை பெறவே முடியாத காலம் அது.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தப் பதிவுகளை உங்கள் கூட்ட அரங்குகளில் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கேளுங்கள். பிலடெல்பியாவின் ஆர்ச் தெரு அரங்கில் தொடங்குங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கறுப்பின ஆசிரியை சாரா மேப்ஸ் டக்ளஸும் அவருடைய தாயாரும் உங்கள் முன்னோரோடு வழிபட வந்தபோது, ‘இது கறுப்பர்களுக்கான பெஞ்ச்’ என்று மற்றவர்களைத் தடுத்து, அவர்களைத் தனியே உட்காரவைத்த இடம் அது. அதையும் அன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். வாஷிங்டனில் குவேக்கர்களின் சிட்வெல் பள்ளி 1956 வரை கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். உங்கள் முன்னோர் சிலர் அடிமை முறையை எதிர்த்து எழுதிய 1688 ஜெர்மன்டவுன் விண்ணப்பத்தை மட்டும் பேசிக் கலைந்துவிடாதீர்கள்.

எந்தப் பகுதியை முதலில் ஒலிபரப்புவது, பின்னர் யார் பேசுவது என்பதை அப்பகுதிக் கறுப்பினக் குடும்பங்களே முடிவு செய்யட்டும். நாற்காலி போடவும் ஒலிபெருக்கி கட்டவும் ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். நண்பர்கள் சிலரையும் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
நியூ ஜெர்சித் தமிழன் ஒருவன்