பாலியல் நலச் செயலி தமிழில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்ட ஆண்களுக்குப் பாலியல் நலத்தில் வழிகாட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றைத் தமிழக அரசு தமிழிலேயே உருவாக்கித் தர வேண்டும் என்று, காரைக்குடியில் பல ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்தி வருபவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம்தான். தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனால், எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தே பேச்சைத் தொடங்கும் செட்டிநாட்டில், அந்த மையத்தின் வாசலில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டுவிடுமோ என்று ஒருவர் அஞ்சுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடையில் மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, தாழ்ந்த குரலில் புண்ணுக்குக் களிம்பு கேட்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். உடலுறவால் பரவும் சிபிலிஸ் நோயின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானே ஆறியும் விடும். கிருமி மட்டும் உடலில் தங்கிவிடும். தொடக்கத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்தால் பொதுவாக ஒரே பென்சிலின் ஊசியில் தீரக்கூடிய நோய், கவனிக்காமல் விட்டால் கண்ணையும் மூளையையும் பாதிக்கும். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற அச்சம் எழுந்தாலோ, தொற்றுக்கு இடமளித்த உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். நள்ளிரவில் பதறிக் கிடப்பவருக்கு இதை உடனே சொல்லக்கூடியது கையிலிருக்கும் போன்தான். அருகிலுள்ள மையத்தைக் காட்டவும், மறுபரிசோதனையையும், எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க முன்கூட்டியே உட்கொள்ளும் முன்தடுப்பு மாத்திரையையும் நினைவூட்டவும், 1097 என்ற இலவச எண்ணில் ஆலோசகரிடம் பேசவைக்கவும் அதே செயலியால் முடியும்.

ரகசியம் காக்காத செயலியால் நன்மையைவிடக் கேடே அதிகம். தன்பாலீர்ப்பு ஆண்கள் துணை தேடப் பயன்படுத்தும் கிரைண்டர் (Grindr) செயலி தன் பயனர்களின் எச்.ஐ.வி. நிலையை வேறு இரு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தது 2018இல் வெளிவந்தது. அதே ஆண்டு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரது எச்.ஐ.வி. நிலையை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. ஆகவே பெயரோ தொலைபேசி எண்ணோ கேட்காமலே செயலி இயங்க வேண்டும். அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி எடுக்கும் போனின் திரையில் நோயின் பெயரோடு நினைவூட்டல் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைத் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் முன்னின்று செய்ய வேண்டும். வடிவமைப்பு தொடங்கும் முன்பே, சிற்றூர்களில் வாழும் இந்த ஆண்களிடம் கலந்து பேச வேண்டும்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.