புயல் கடலோரத்தோடு நிற்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 நவம்பர் 30 அன்று இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது, கடலே இல்லாத சேலத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நாங்களும் இருந்தோம். ஆனால் அந்த ஈரக்காற்று சேர்வராயன் மலையில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, ஏற்காட்டில் கொட்டித் தீர்த்துவிட்டது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தும் நின்றது.

காப்பிப் பழம் பறிக்கிற நேரம் அது. களத்தில் காயப் போட்டிருந்ததைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம், மூன்றாம் நாள் தூக்கிப் பார்த்தால் பழமெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பூத்து, புளித்த வாடை முகத்தில் அடிக்கிறது. செடியில் நின்ற பழமும் வெடித்து உதிர்ந்து சேற்றோடு போனது. எங்களுக்காவது தோட்டம் என்று ஒன்று மிஞ்சியது, பறிக்க வருகிறவர்களுக்கு அந்த வாரக் கூலியே இல்லை. அதை யார் கணக்கெடுப்பது?

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே உள்ள ஓடைகளையும் சிறுபாலங்களையும் ஐப்பசி பிறக்கும் முன்பே தூர்வார வேண்டும். ஜேசிபி அடிவாரத்தில் மட்டும் நின்றால் போதாது, மேலேயும் ஒன்று நிற்கட்டும், நடுவில் சரிந்தால் இரண்டு பக்கமிருந்தும் மண்ணை அள்ளலாம். அப்புறம், மாவட்டத்துக்குப் பொதுவாக வரும் மழை எச்சரிக்கையை மலைக் கிராமங்களுக்குத் தனியாக, முதல் நாள் பகலிலேயே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். களத்தில் கிடக்கிற பழத்தையாவது வீட்டுக்குள் அள்ளிப் போட்டுக்கொள்வோம்.

ஒரு சிறு காப்பி விவசாயி,
ஏற்காடு