வீணாகும் காற்று மின்சாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வீசும் மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகள் இரவு பகலாகச் சுழன்றாலும், தேவை குறையும் நள்ளிரவில் சிலவற்றை நிறுத்தச் சொல்வதும், மாலை உச்ச நேரத்தில் வெளிச்சந்தையில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்குவதும் பெரிய முரண். உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேல்அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் கடம்பாறையில் 1980களிலிருந்தே இருக்கிறது. நீலகிரியில் அதே முறையில் ஆண்டுக்கணக்காக நீளும் 500 மெகாவாட் குந்தா திட்டத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று: 250 கிலோவாட் அளவிலான பழைய காற்றாலைகளே நல்ல காற்றுள்ள இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன; அவற்றை அகற்றிப் பெரிய, புதிய காற்றாலைகளை நிறுவ முன்வரும் சிறு உரிமையாளர்களுக்கு அரசு கட்டணச் சலுகை தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்