நீ அனுப்பிய தலையணை

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். போடியில் இரண்டு நாளாகத்தான் மழை விட்டிருக்கிறது.

நீ அனுப்பிய தலையணை வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் நீ கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன். அது பொய். நேரில் சொன்னால் உன் குரல் சுருங்கிவிடும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அது மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் தலை உள்ளே அமிழ அமிழ, சுற்றியுள்ள ஓரம் எழும்பி வந்து என் மாஸ்க்கைத் தள்ளுகிறது. தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க, அழுத்தத்தோடு காற்று அனுப்பும் சிபாப் கருவியின் மாஸ்க்கைத்தான் சொல்கிறேன். ஒருக்களித்துப் படுத்ததும் மூக்கருகே சிறு இடைவெளி விழுகிறது. அதன் வழியாக உஸ்ஸென்று காற்று வந்து நேராகக் கண்ணில் அடிக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வாரை இறுக்குவேன். இறுக்கினால் கன்னத்தில் தடம் விழும். போதாக்குறைக்கு அந்த ஃபோம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிபாப் கருவியின் திரையில் காலையில் பார்த்தால் மணிக்கு 9 தடவை மூச்சு தடைபட்டதாகக் காட்டியது. வழக்கமாக 3தான் இருக்கும். முதன்முதலில் பரிசோதனை செய்தபோது 38 என்று வந்தது உனக்கு நினைவிருக்கும். 30-ஐத் தாண்டினாலே கடுமை என்றார் மருத்துவர்.

ஏலக்காயும் இலவம்பஞ்சும் விற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பெங்களூரிலிருந்து தலையணை வரவழைத்த ஒரே குடும்பம் நாம்தான் என்று அப்பா சிரிக்கிறார். சிரித்தாலும் தையல் டேப்பை எடுத்துவந்து என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்தவரும் அவர்தான். கழுத்திலிருந்து தோள் முனை வரை நாலரை அங்குலம். ஒருக்களித்துப் படுக்கும்போது அந்த இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும். தலை தொங்கவும் கூடாது, மேலே தூக்கவும் கூடாது. அந்த அளவுக்கு நாங்களே ஒரு தலையணை தைத்தோம். இலவம்பஞ்சு அமுங்கும் என்பதால் ஆறு அங்குலத்துக்கு அடைத்தோம். மாஸ்க் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் பிறை போல உள்வாங்கித் தைத்தேன். இப்போது கன்னம் தலையணையில், மாஸ்க் வெளியே. குழாயைக் கட்டில் தலைமாட்டுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டியாயிற்று, புரண்டாலும் இழுக்கவில்லை. பஞ்சுத் தூசி கருவியின் வடிகட்டிக்குள் போய்விடக் கூடாது என்று உறைக்குள் காடாத் துணியில் இன்னோர் உறை. முதல் தடவை மட்டும் பஞ்சைத் திண்ணையில் பிரித்தேன். அப்பாவின் மீசையெல்லாம் வெள்ளை. ஏற்கெனவே வெள்ளைதான், அது வேறு விஷயம்.

எதிர்வீட்டு அத்தை இரண்டு தலையணையை அடுக்கிப் படுக்கச் சொன்னார்கள். அதைச் செய்யாதே. தோட்டத்து ரப்பர் குழாயை மடித்தால் தண்ணீர் நின்றுபோகும் அல்லவா, தாடை நெஞ்சில் முட்டினால் தொண்டையும் அப்படித்தான். உயர்த்துவதென்றால் இடுப்பிலிருந்து சரிவாக உயர்த்த வேண்டும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. அதனால் பழைய சட்டையின் முதுகில் பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொண்டேன். மல்லாந்தால் உறுத்தும், தானாகத் திரும்பிவிடுவேன். விடுமுறைக்கு வந்த உன் மகன் தன் பந்தை மூன்று நாள் தேடினான். எங்கே இருந்தது என்று இன்னும் அவனுக்குத் தெரியாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், தேன்மொழி சொன்னாள். நீ குறட்டை விடுகிறாயாம். நடுவில் சத்தமே இல்லாமல் நின்று, அவள் தட்டப்போகும் நேரத்தில் திணறி மூச்சை இழுக்கிறாயாம். பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கிவிட்டேன் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தபடியே கண் அசந்தது. வேலை அலுப்பு என்று பல வருடம் தள்ளிப்போட்டேன்.

உனக்கும் ஒரு நல்ல தலையணை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நீ நினைப்பாய், உன்னைத் தெரியாதா. தலையணை கழுத்தை நேராக வைக்கும், மாஸ்க்கைக் கலைக்காமல் இருக்கும். மூடிக்கொள்ளும் தொண்டையைத் திறந்து வைப்பது அந்தக் காற்று அழுத்தம்தான். ஒரே ஓர் இரவுப் பரிசோதனை. தூங்கும்போது விரலில் ஒரு சென்சார், மூக்கருகே ஒரு சென்சார், மார்பில் ஒரு பட்டை. சிலருக்கு வீட்டிலேயே செய்கிறார்கள். அதுவரை இரவில் காரைத் தேன்மொழி ஓட்டட்டும்.

உனக்காக இரண்டு கிலோ பஞ்சு வாங்கி வெயிலில் காயவைத்திருக்கிறேன். தோள் அளவை அனுப்பு. பரிசோதனை முடிவையும் சேர்த்து அனுப்பு. ஓரத்தில் பிறை வைத்துத் தைப்பதா, நேராகத் தைப்பதா என்று அதைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா