சிறுநீரகம் வரும்வரை நன்றியைத் தள்ளிவைக்க மனமில்லை

அன்புள்ள சபையாருக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், உறவுக்காரர்களுக்கும், டயாலிசிஸ் பிரிவில் எங்களோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கும்,

ஸ்தோத்திரம். வணக்கம்.

பொதுவாக எல்லாம் நல்லபடியாக முடிந்தபிறகுதான் நன்றி மடல் எழுதுவார்கள். ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்து, சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, அப்புறம் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் இன்னும் எதுவும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வாரத்துக்கு மூன்று முறை காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டுதான் வருகிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். அழைப்பு வரவில்லை. "வந்தபிறகு எழுதேன், இப்போ என்ன அவசரம்?" என்று என் நாத்தனாரே கேட்டார். எனக்கு அவசரமாகத்தான் இருக்கிறது. நீங்கள் செய்ததெல்லாம் இந்தக் காத்திருக்கும் நாட்களில் செய்தது. நன்றியும் இந்த நாட்களிலேயே உங்களுக்கு வந்து சேரவேண்டும்.

விவரம் முழுதாகத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரத்தக்கொதிப்பு வெளியே தெரியாமல் இருந்து அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவை ஏறக்குறைய வேலை செய்வதையே நிறுத்தியிருந்தன. நான் கொடுக்கிறேன் என்றேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர்கள் மறுத்துவிட்டார்கள். அவருடைய அண்ணனின் ரத்த வகை பொருந்தவில்லை. இவருக்கு ஓ பாசிட்டிவ். ஓ வகைக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஓ வகைக்காரரின் சிறுநீரகம்தான் சேரும். ஓ வகைச் சிறுநீரகமோ மற்ற வகைக்காரர்களுக்கும் சேரும். அதனால் இந்த வரிசையில் ஓ வகைக்காரர்கள் அதிக நாள் நிற்கவேண்டியிருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி கொடுக்கும் திட்டம் நம் மாநிலத்தில் 2008-லிருந்து நடக்கிறது. அந்த வரிசையில்தான் அவர் பெயர் இருக்கிறது.

முதல் நன்றி டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் சிஸ்டர்களுக்கும் டெக்னீஷியன் தம்பிக்கும். ஒரு தடவை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். இடது கையில் சிரை என்கிற ரத்தநாளத்தையும் தமனியையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். அதில்தான் இரண்டு பெரிய ஊசிகளும் ஏறும். அந்த இடத்தில் விரலை வைத்தால் விர்ரென்று அதிரும். அதிர்கிறது என்றால் ரத்தம் ஓடுகிறது, வழி அடைபடவில்லை என்று அர்த்தம். தினமும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அந்தத் தம்பிதான். எங்கள் சின்னப் பெண் ராத்திரி படுக்கப் போகுமுன் அப்பாவின் கையில் காதை வைத்து, "வண்டு பாடுதுப்பா" என்பாள். அப்புறம்தான் எங்கள் குடும்ப ஜெபம். டயாலிசிஸ் முடிகிற நேரத்தில் சில நாள் அவருக்கு பிரஷர் இறங்கிவிடும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒரு சிஸ்டர் ஓடிவந்து பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே, "அண்ணா, மூச்சை இழுத்து விடுங்க, இப்ப சரியாயிடும்" என்பார். அந்த அம்மாவின் வீட்டில் என்னென்ன பாடு இருக்கிறதோ எனக்குத் தெரியாது. எங்கள் முன்னால் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அடுத்தது எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியே போகாது. அது ரத்தத்தில் கூடினால் இதயமே நின்றுவிடலாம். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, மாம்பழமும் கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிற ஒருவருக்கு மாம்பழம் கூடாது! சீசனில் செந்தூரா வாசனை தெரு முழுக்க வீசும்போது அவர் திண்ணையில் உட்கார்ந்து பெட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். அக்கா தன் தோப்புப் பழத்தைக் கூடையோடு எங்கள் வீட்டுக்கு அனுப்புவது எத்தனையோ வருஷப் பழக்கம். அவர் விஷயம் தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகளை மட்டும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, அங்கேயே அறுத்துக் கொடுத்து, கை வாய் கழுவி அனுப்பிவைக்கிறார். அதோடு விடவில்லை. காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் அவருக்குச் சமைக்கவேண்டும். இதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மாரியம்மன் பண்டிகை அன்று வீடு நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு, எங்களுக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாமல் ஒரு பொரியல் செய்து மூடிபோட்டுக் கொண்டுவந்தார். "உங்க சாமிகிட்ட நீ கேளு, எங்க ஆத்தாகிட்ட நான் கேக்கிறேன், ஆனா சாப்பாட்டுல தப்பு பண்ணிடக் கூடாது" என்றார். அக்கா, உங்கள் கைகளை ஆசீர்வதிக்கும்படி நான் தினமும் இயேசுவிடம் கேட்கிறேன்.

வருமானச் சான்றும் காப்பீட்டு அட்டையும் வாங்க என்னோடு அலுவலகம் அலுவலகமாக நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கு, பசுவைப் பார்த்துக்கொண்ட கொழுந்தனாருக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்த பெண்கள் ஐக்கிய சகோதரிகளுக்கு, எல்லோருக்கும் நன்றி.

இனி போதகர் ஐயாவுக்கு. நோய் வந்த புதிதில் நிறையப் பேர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். அதில் சிலர், "இந்த மாசத்துக்குள்ள அற்புதம் நடக்கும், எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் மாதம் முடிந்ததும் எங்கள் விசுவாசத்தில் ஏதோ குறை என்கிற மாதிரி ஒரு பாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. போதகர் ஐயா அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வந்தார், தரையில் உட்கார்ந்தார், எரேமியா 29-ஆம் அதிகாரத்தைத் திறந்தார். அந்தப் பதினோராம் வசனம் எங்கள் சுவர்க் காலண்டரிலேயே இருக்கிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அவர் அதற்கு முந்தின வசனத்தில் விரலை வைத்தார். பாபிலோனுக்கு எழுபது வருஷம் நிறைவேறினபின்பு என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதம் எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பியது. வாசிக்கக் கேட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஊர் திரும்பும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறான். கர்த்தர் அவனை அனுப்பவில்லை. "சீக்கிரம் முடியும்னு சொல்றது ஆறுதல் இல்லம்மா. முடியுறவரைக்கும் அவர் நம்மை நினைச்சுக்கிட்டே இருக்கார்ங்கிறதுதான் ஆறுதல்" என்றார் ஐயா. அன்றைக்கு என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. திரும்ப ஏறவில்லை.

அதே கடிதத்தில் கர்த்தர் அந்த ஜனங்களுக்குச் சொன்ன முதல் வேலை என்ன தெரியுமா? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். ஜெபம் பண்ணச் சொல்வதுகூட இரண்டு வசனம் தள்ளித்தான் வருகிறது. என் வீட்டுக்காரர் இதைப் பிடித்துக்கொண்டார். மறுவாரமே சந்தூருக்கு ஆள் அனுப்பி மா ஒட்டுக்கன்று வாங்கிவரச் சொன்னார். எல்லாம் பெங்களூரா ரகம், மாங்கூழ் ஃபாக்டரிக்குப் போகிற காய். நல்லபடியாகக் காய்ப்புக்கு வர நாலைந்து வருஷம் ஆகும். டயாலிசிஸில் இருக்கிற மனுஷன் இப்போது போய்க் கன்று நடுகிறாரே என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. ஃபிஸ்டுலா வைத்த கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பதால் அவர் வரப்பில் நின்றார். வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் கடப்பாரையோடு வந்து இறங்கினார்கள். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். பாறை மண், ஒவ்வொரு குழிக்கும் வேர்த்து விறுவிறுத்துப் போனார்கள். தம்பிகளா, எல்லாக் கன்றும் பிடித்துவிட்டது. செம்பழுப்பு நிறத்தில் புதுக் கொழுந்து விட்டிருக்கிறது. வந்து பாருங்கள்.

நம் கிருஷ்ணகிரிச் சபையின் கதையும் எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. லுத்தரன் மிஷன் ஊழியம் இங்கே 1895-ல் தொடங்கியது. தொடங்கிய தியோடர் நேதர் 1904-ல் பிளேக் நோயில் இறந்துபோனார். ஊழியம் தொடங்கிப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. அவர் கண்ணுக்கு என்ன பலன் தெரிந்திருக்கும்? இன்றைக்கு நூற்றிருபது வருஷத்துக்கு அப்பால் அந்த ஊழியத்தின் வழியாக வந்த சபை ஒன்று என் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. கர்த்தருடைய நோக்கம் ஒரு மனுஷனுடைய ஆயுசுக்குள் முடிந்துவிடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்று இதைப் படித்தபிறகு எனக்குத் திடமாகத் தெரிந்தது.

இன்னொன்று சொல்லவேண்டும், இது கனமான விஷயம். சிறுநீரகம் சீக்கிரம் கிடைக்கவேண்டும் என்று ஜெபிக்க ஒரு கட்டத்தில் எனக்கு வாய் வரவில்லை. கிடைப்பதென்றால் எங்கோ ஒரு வீட்டில் சாவு விழவேண்டுமே. அதை எப்படிக் கேட்பது? பெண்கள் ஐக்கியத்தில் ஒரு மூத்த சகோதரி இருக்கிறார். தன் மகனை பெங்களூரு சாலை விபத்தில் பறிகொடுத்தவர். அவரிடம்தான் போய் அழுதேன். அவர் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, "யாரும் சாகணும்னு நீ கேக்க வேணாம். அந்த நாள் எந்த வீட்டுக்கு வந்தாலும் அந்த வீட்டம்மாவைக் கர்த்தர் தாங்கணும்னு இப்பவே கேளு" என்றார். அன்றிலிருந்து முகம் தெரியாத அந்தக் குடும்பத்துக்காகத்தான் ஜெபிக்கிறேன். அவர்கள் இன்றைக்கு எங்கேயோ சோறு பொங்கிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, சந்தோஷமாக இருக்கட்டும்; நீண்ட நாள் இருக்கட்டும். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்ய நம் அரசு உத்தரவிட்டிருக்கிறது. நியாயமான மரியாதை அது. அப்படி ஒரு இறுதிச் சடங்கு பற்றிப் பேப்பரில் பார்த்தால் நாங்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு ஜெபம் பண்ணுகிறோம்.

சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்பவர்களுக்கு: ஆம், இருக்கிறோம். அழுத ராத்திரிகளும் உண்டு. தண்ணீர்த் தாகத்தில் அவர் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உயிரே போகிறது. மாங்காய் விலை அடிமட்டத்துக்குப் போய், பறிக்கிற கூலிக்கே கட்டாமல் பலர் மரத்திலேயே விட்டுவிட்ட வருஷமும் இதற்குள்ளேயே வந்தது. அந்த வருஷம் அவர் டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தை வாய்விட்டு வாசித்தார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று தொடங்கி, தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்பதுவரை வந்து, "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்ற இடத்தில் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பாய் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் படிங்க" என்றார். இந்தச் சந்தோஷத்தை நாங்கள் உண்டாக்கவில்லை. சிறுநீரகம் வந்தால் இது கூடப்போவதும் இல்லை, வராவிட்டால் குறையப்போவதும் இல்லை. கர்த்தருடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தம் உண்டு என்று பதினாறாம் சங்கீதம் சொல்கிறதே, அந்தச் சமுகம் டயாலிசிஸ் பிரிவிலும் இருக்கிறது. அதை நாங்கள் அறிந்துகொண்டது முக்கால்வாசி உங்கள் வழியாகத்தான்.

கார் வைத்திருக்கிற தம்பிக்கும் நன்றி. பதிவு செய்த ஆஸ்பத்திரி சென்னையில், ஏறக்குறைய 260 கிலோமீட்டர். அழைப்பு வந்தால் உடனே கிளம்பவேண்டும். அதற்காக ராத்திரியில் டேங்க்கைப் பாதிக்குக் குறையவிடாமல் வண்டியை நிறுத்துகிறார். வாடகைக்கு வெளியூர் போனால் எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். உறுப்பு தானம் செய்ய எண்ணம் இருந்தால் அட்டை வாங்கியதோடு நிறுத்தாமல் வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் சம்மதம் சொல்லவேண்டியது குடும்பம்தான். அப்புறம், முப்பது வயது தாண்டியவர்கள் தயவுசெய்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வளாகத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாடு. எல்லோரும் வரவேண்டும். எதிர்வீட்டு அக்காவும் நானும் சேர்ந்துதான் சமைக்கிறோம். டயாலிசிஸ் பிரிவு அண்ணன் தம்பிகளுக்கு உப்பில்லாமல், காய் வடித்து, தனிப் பந்தி இருக்கும். தயங்காமல் குடும்பத்தோடு வாருங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து