எம்டனுக்கு அரைப்பக்கம், பெபலுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றித் தாங்கள் அரைப்பக்கம் வெளியிட்டிருந்ததைக் கடையில் சத்தமாகவே படித்தேன். சூரனைக் கண்டால் 'பெரிய எம்டன்' என்று சொல்லும் ஊர்தான் எங்களுடையதும். ஆனால் 'காலனியத்தை எதிர்த்த ஜெர்மானியர்' என்று தலைப்பிட்டதுதான் எனக்கு ஒப்பவில்லை. எம்டன் தங்கியிருந்த சிங்டாவோ துறைமுகமே ஜெர்மனி சீனாவை மிரட்டிப் பறித்த இடம்.

நிஜமாகவே எதிர்த்தவர் வேறு ஆள். பெயர் ஆகஸ்ட் பெபல். கடைசல் தொழிலாளியாக இருந்து, ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சிக்குத் தலைவரானவர். சங்கு அறுப்பவர்களோடு பழகிய எனக்கு அந்த ஒன்றே போதும், அவரைப் பிடித்துப்போக. அன்று ஜெர்மன் காலனியாக இருந்த கேமரூனில் ஜெர்மன் அதிகாரி ஒருவர், தம் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்களின் மனைவியரைக் கணவன்மார் கண்ணெதிரே சவுக்கால் அடிக்க வைத்தார். வீரர்கள் கலகம் செய்தார்கள். 1894இல் பெபல் அங்கே புழங்கிய நீர்யானைத் தோல் சவுக்குகளைப் பெர்லின் நாடாளுமன்றத்துக்கே கொண்டுவந்து உறுப்பினர்களுக்குக் காட்டினார்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு திருக்கை வால் கிடக்கிறது. கீழக்கரைக்காரர்களுக்கு அது எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. தாத்தா சங்கு குளிக்க ஆள் வைத்திருந்தவர். அது யார் முதுகில் பட்டது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தானோ என்னவோ, அந்தச் சவுக்குச் செய்தியை என்னால் சாதாரணமாகத் தாண்டிப்போக முடியவில்லை.

இன்னொரு ஜெர்மன் காலனியான தென்மேற்கு ஆப்பிரிக்காவில் (இன்றைய நமீபியா) ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்த போருக்கு மேலும் பணம் தர 1906 டிசம்பரில் நாடாளுமன்றம் மறுத்தது. உடனே அவையைக் கலைத்தார்கள். அடுத்த மாதத் தேர்தலில் பெபல் கட்சியைத் தேசத்துரோகிகள் என்று தூற்றினார்கள். வாங்கிய ஓட்டு கூடியும், 81 இடம் 43 ஆகச் சுருங்கியது.

அவர் கட்சியிலும் எல்லாரும் ஒரே மனதாக இல்லை. 1907இல் ஸ்டுட்கார்ட் சோசலிச மாநாட்டில் 'நல்ல காலனியம்' உண்டு என்று வாதாடியவர்களில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். 127க்கு 108 என்ற கணக்கில்தான் அந்த வாதம் தோற்றது. மேடம் காமா இந்தியக் கொடியை விரித்துக் காட்டியதும் அதே மாநாட்டில்தான்.

அடுத்த செப்டம்பரிலும் எம்டன் படத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே பெபலுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
சங்கு வியாபாரி ஒருவர்,
கீழக்கரை.