தொகுதி எம்.பி.யா? எங்க இருக்காரு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன இதழ்ல 'குறை இருந்தா உங்க தொகுதி எம்.பி.யைப் போய்ப் பாருங்க'ன்னு ஒரு வரி, படிச்சதும் கையில இருந்த டீ ஆறிப்போச்சு. தொகுதி எம்.பி. தமிழ்நாட்டுல இருக்காரு, நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஏது? வார்டுன்னு ஒண்ணு இருக்கு, அது கவுன்சிலருக்கு. கேப்டவுன்ல இருக்குற பார்லிமென்ட் கீழ்ச்சபையில 400 பேர், எல்லாரும் கட்சி வாங்கின ஓட்டு விகிதப்படி கட்சி லிஸ்ட்ல போனவங்க, 2024ல தான் சுயேச்சையும் நிக்கலாம்னு வந்துச்சு, ஒருத்தரும் ஜெயிக்கல. கட்சி ஆளுக்கொரு ஏரியாவை ஒதுக்கி ஆபீஸ் வெச்சுக் கொடுக்குது, அது வாஸ்தவம். சாட்ஸ்வர்த்ல அப்படி ஒரு ஆபீஸுக்கு நான் மூணு வாட்டி நடந்தேன், மூணு வாட்டியும் பூட்டு, கதவுல ஒட்டியிருந்த பேப்பர் வெயில்ல வெளுத்து போன் நம்பர்ல கடைசி ரெண்டு எண்ணே தெரியல.

1984ல நிறவெறி அரசு, கறுப்பருக்கு ஓட்டே குடுக்காம, நம்ம இந்தியருக்குன்னு மட்டும் பார்லிமென்ட்ல தனி சபை குடுத்தாங்களே, உங்களுக்குத் தெரியாததா, ஓட்டுக்குப் பேர் பதிஞ்சவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் தான் போட்டாங்க. எங்கப்பா அன்னிக்கு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, ஓட்டுக்குப் போறவங்களை எல்லாம் முறைச்சுக்கிட்டே இருந்தாரு. அதே மனுஷன் எல்லா இனத்துக்கும் ஓட்டு வந்த 1994ல விடியறதுக்கு முன்னாடியே வேட்டி கட்டி க்யூல நின்னாரு. அவரு மகளான என்னைப் பார்த்து 'எம்.பி.யைப் போய்ப் பாருங்க'ன்னா எப்படி ஐயா?

வழி இருக்கு, நீங்க எழுதலை. மசோதா கமிட்டிக்குப் போனா மக்களைச் சேர்த்துக்கணும்னு அரசியல் சட்டம் 59ஆவது பிரிவுலயே இருக்கு. அப்படி ஒரு கூட்டத்துக்கு நான் போனேன், வேலை நாள் காலைல பத்து மணிக்கு வெச்சா ஃபேக்டரிக்குப் போற என் மருமக எப்படி வருவா? ஆளுக்கு மூணு நிமிஷம்னாங்க, எனக்கு ரெண்டாவது நிமிஷத்துலயே மைக்கை வாங்கிட்டாங்க. ஆனா இதைக் கண்துடைப்புன்னு தள்ளவும் முடியாது, 2006ல பார்லிமென்ட் மேல்சபையான மாகாணங்களோட தேசிய கவுன்சில் மக்கள்கிட்ட சரியா கேக்கலைன்னு பாரம்பரிய வைத்தியர் சட்டத்தையே அரசியல் சாசன கோர்ட் செல்லாதுன்னு தள்ளிடுச்சு. இதுக்கெல்லாம் உங்ககிட்ட இடம் இல்ல, ராசிபலனுக்கு மட்டும் ஒன்றரை பக்கம். பொங்கலுக்கு நான் எழுதின கடிதத்தையும் இடமில்லைன்னு தான் விட்டீங்க, சரி போகட்டும்.

நான் கேக்குறது இவ்வளவு தான். கருத்து கேக்குற மசோதா எது, கடைசித் தேதி என்ன, கமிட்டி செக்ரட்டரியோட ஈமெயில், ராசிபலன் ஓரத்துல நாலு வரி போடுங்க. போன தடவை எங்களுக்குத் தேதி தெரிஞ்சப்போ ரெண்டு நாள் தாண்டியிருந்துச்சு.

இப்படிக்கு,
இருபது வருஷமா காசு குடுத்து வாங்குற வாசகி,
சாட்ஸ்வர்த்